வெட்டுத்தாளும் தளையும்
மட்கல ஓவியம் பற்றிய ஒரு திறனாய்வு

கையால் வரைந்தது கலை. அச்சு வைத்துப் பதித்தது கலையன்று என்பது கைவினை பற்றிப் பேசுவோரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு தீர்ப்பு. கையால் வனைந்த கலத்தின்மேல் தூரிகை கொண்டு ஒரு கொடியை வரைந்தால் அதனைப் போற்றுவர். அதே கொடியைத் தாளில் வெட்டி, அத்தாளைக் கலத்தின்மேல் வைத்து வண்ணம் ஒற்றினால், இதில் என்ன திறமை இருக்கிறது, யாரும் செய்யலாமே என்பர். மாணவர் செய்யும் மண்வேலையை மதிப்பிடும்போதும், கைவினைப் பொருள்களை விலைகொடுத்து வாங்கும்போதும் இத்தீர்ப்பே பெரும்பாலும் அளவுகோலாக நிற்கின்றது.

இந்த அளவுகோலை ஒருமுறை சோதித்துப் பார்த்தல் நன்று. ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் ஷோகோகுஜி என்னும் பழம்பெரும் பௌத்த மடம் ஒன்று உண்டு. அம்மடத்துக்கு உரிய தேநீர்க் கிண்ணம் ஒன்றை ஜப்பானிய அரசு நாட்டின் தேசியச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்துப் பாதுகாத்து வருகின்றது. அது சீனநாட்டில், சோங் மரபினர் ஆண்ட காலத்தில் செய்யப்பட்டது. அதன் உட்புறத்தில் சிறு மலர்கள் சிதறிக் கிடப்பன போலத் தோன்றும். அம்மலர்களுள் ஒன்றேனும் தூரிகையால் வரையப்பட்டதன்று. யாவும் வெட்டிய தாளை ஒட்டிப் பெற்ற வடிவங்களே. வெட்டுத்தாள் கலையன்று என்னும் தீர்ப்பு உண்மையானால் இக்கிண்ணம் கலைப்பொருள் ஆகாது. கிண்ணம் கலைப்பொருளே என்றால் தீர்ப்பில்தான் எங்கோ பிழை இருத்தல் வேண்டும். அப்பிழை யாது என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

வெட்டுத்தாள் என்பது யாது?

ஸ்டென்சில் என்று யாவரும் சொல்லும் பொருளையே இக்கட்டுரை வெட்டுத்தாள் என்று குறிக்கின்றது. தாளிலோ, தகட்டிலோ, மெல்லிய பிளாஸ்டிக்கிலோ ஓர் உருவத்தை வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தின் வழியாக வண்ணத்தைச் செலுத்துவது அதன் பொதுவான பயன். கேட்பதற்கு எளிய செயலாகவே தோன்றும். ஆனால், ஒருமுறை தாளையும் கத்தியையும் கையில் எடுத்தவர்க்கு அதன் அருமை புலனாகும்.

'படம்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. தடித்த எழுத்தாக அதனைத் தாளில் எழுதி வெட்டத் தொடங்கினால், 'ப' இடர் தாராது. 'ட' இடர் தாராது. அவற்றில் அடைபட்ட இடம் ஒன்றும் இல்லை. மூன்றாவதாக 'ம்' என்னும் எழுத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. அவ்வெழுத்தின் வலப்புறத்தே கோட்டால் சூழப்பட்ட ஓர் இடம் இருக்கின்றது. சுற்றியுள்ள கோடு முழுவதையும் வெட்டினால் நடுவே உள்ள தாளும் உடன் விழுந்துவிடும், எழுத்து ஓட்டையாகிவிடும். விழாமல் காக்கவேண்டுமெனில், கோட்டின் நடுவே ஓரிரண்டு இடங்களில் வெட்டாமல் விட்டு, உள்தாளை வெளித்தாளோடு பிணைத்து வைத்தல் வேண்டும். மரப்பெட்டிகளிலும் சாக்குகளிலும் பதிந்த எழுத்துகள் ஆங்காங்கே அறுந்து காணப்படுவதன் காரணம் இதுவே.

இப்பிணைப்பைத் தளை என்று வழங்கலாம். தமிழாசிரியர்க்கு இச்சொல் இருவகையாலும் பழகியது. தளை என்பது விலங்கு, கட்டிவைப்பது. யாப்பிலக்கணத்திலோ நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் பொருந்தும் முறைக்கும் தளை என்றே பெயர். ஒன்றைக் கட்டுப்படுத்துவதும் ஒன்றோடொன்றை இணைப்பதும் ஆகிய இருதொழிலும் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. வெட்டுத்தாளின் தளையும் அவ்வாறே. அது கோட்டை அறுக்கின்றது. அறுப்பதனாலேயே உருவத்தைச் சிதறாமல் காக்கின்றது.

தூரிகையால் வரைபவன் எந்தக் கோட்டையும் எங்கும் கொண்டு செல்லலாம். வெட்டுத்தாள் செய்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. எங்கே தளை வைப்பது, எதனை விடுவது, எதனைக் காப்பது என்று ஒவ்வொரு விரற்கிடையிலும் அவன் முடிவு செய்தாகவேண்டும். வெண்பாப் பாடுவோன் வெண்டளை பிறழாமல் பொருளையும் நடத்திச் செல்வது போன்றது அவன் வேலை. தளையை ஒரு தடை என்று கருதி அஞ்சுவோன் செய்யுளும் வறண்டு போகும். தளையை ஓசைக்கு வழியாகக் கொண்டவன் செய்யுளே நிற்கும். வெட்டுத்தாளின் உயர்வும் தாழ்வும் இந்த ஓரிடத்திலேதான் பிறக்கின்றன.

தட்டையான தாளும் வளைந்த கலமும்

துணியிலும் சுவரிலும் வெட்டுத்தாளைப் பயன்படுத்துவதைவிட மட்கலத்தில் பயன்படுத்துவது கடினம். துணி தட்டையானது, தாளும் தட்டையானது. கிண்ணமோ எப்பக்கமும் வளைந்தது. தட்டையான தாளை வளைந்த பரப்பின்மேல் வைத்தால் ஓரங்களில் மடிப்பு விழும். மடிப்பின் அடியில் வண்ணம் கசியும். ஆகவே தாளின் ஓரத்தில் ஆப்பு வடிவில் சிறு வெட்டுகள் இட்டு அதனை வளையச் செய்வர்; அல்லது பெரிய உருவத்தைச் சிறு உருவங்களாகப் பகுத்துத் தனித்தனியே வைப்பர். தேசியச் செல்வமாகிய கியோட்டோக் கிண்ணத்திலும் உருவங்கள் சிறு மலர்களாக இருத்தல் நோக்கத்தக்கது. வளைவு மிகுந்த கிண்ணத்தின் உட்புறத்துக்குச் சிறு உருவமே இயல்பாகப் பொருந்தும்.

காலமும் ஒரு பகைவன். சுடாத பச்சைக் கலத்தில் வேலை செய்வோர், மண் பாதி உலர்ந்து, விரல் வைத்தால் குழியாமலும் நகம் பட்டால் கீறுமாறும் உள்ள பதத்தை எதிர்பார்த்து நிற்பர். மெல்லிய தாளை நீரில் நனைத்து வைத்தால் அப்பதத்தில் அது பசையின்றியே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் வேறுநிறக் களிக்குழம்பைப் பூசுவர். குழம்பின் ஈரப் பளபளப்பு மறைந்தவுடன் தாளை உரித்தல் வேண்டும். முன்னரே உரித்தால் குழம்பு வழிந்து விளிம்பு கலையும். காலம் தாழ்த்தி உரித்தால் உலர்ந்த குழம்பு தாளோடு பெயர்ந்து விளிம்பு உடையும். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை அறிவிப்பது மணிப்பொறியன்று, கைப்பழக்கமே. யாரும் செய்யலாம் என்று சொல்வோர் பெரும்பாலும் இந்தப் பதத்தை அறியாதவரே.

மட்கலத்தில் வெட்டுத்தாள் பயன்படும் வழிகள் பலவாயினும் அவற்றை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, தாளால் மறைத்தல். உருவத்தை வெட்டி எடுத்துக் கலத்தின்மேல் ஒட்டிச் சுற்றிலும் வண்ணம் பூசுவது இது. தாளை நீக்கியதும் மறைந்திருந்த இடம் உருவமாகத் தோன்றும். இரண்டாவது, திறப்பின் வழியே செலுத்துதல். உருவத்தை வெட்டி நீக்கிய ஓட்டையின் வழியே வண்ணத்தை ஒற்றுவது இது. மூன்றாவது, ஊசித் துளையால் வழிகாட்டல். கோட்டின் வழியே துளைகள் குத்திய தாளின்மேல் கரித்தூளைத் தட்டி, கலத்தில் விழும் புள்ளிகளைப் பின்பற்றித் தூரிகையால் வரைவது இது. ஒவ்வொன்றுக்கும் உலகில் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு.

மறைத்தலின் மாண்பு: ஜீசோக் கிண்ணங்கள்

சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில், இன்றைய ஜிஆன் நகரை அடுத்த யோங்ஹே என்னும் ஊரில் இருந்தவை ஜீசோச் சூளைகள். தாங் மரபின் இறுதிக்காலம் முதல் யுவான் மரபின் காலம் வரை அவை இயங்கின. 1127 முதல் 1279 வரை நீடித்த தென்சோங் காலமே அவற்றின் பொற்காலம். ஷோகோகுஜிக் கிண்ணம் இச்சூளைகளில் பிறந்ததே.

அக்காலச் சீனர் தேயிலையைத் தூளாக்கி, வெந்நீர் ஊற்றிக் கடைந்து, வெண்ணுரை எழச் செய்து பருகினர். வெண்ணுரைக்குக் கருங்கிண்ணமே எடுப்பாக இருக்கும் என்று பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த சாய் சியாங் என்பார் தம் தேநீர் நூலில் எழுதியுள்ளார். இதனால் கருமையான மெருகு பூசிய கிண்ணங்களுக்கு நாடெங்கும் மதிப்பு இருந்தது. ஜீசோக் குயவர் அக்கருமையைக் கொண்டே தம் ஓவியத்தையும் படைத்தனர்.

அவர்கள் செய்தது இது. கிண்ணத்துக்கு முதலில் கருமெருகைப் பூசினர். அதன்மேல் மலராகவோ பறவையாகவோ வெட்டிய தாளை வைத்தனர். அதற்கும் மேலே வெளிர்நிற மெருகைத் தெளித்தனர். பின்னர்த் தாளை நீக்கிச் சூளையில் இட்டனர். தாள் மறைத்த இடம் கருமையாகவே நின்றது. மற்ற இடம் பழுப்பும் மஞ்சளும் கலந்து ஆமையோடு போலத் திட்டுத்திட்டாகப் பூத்தது. மலேசியாவில் பாத்தேக் துணி செய்வதைக் கண்டவர்க்கு இம்முறை உடனே விளங்கும். பாத்தேக்கில் மெழுகு மறைத்த இடத்தைச் சாயம் தீண்டாது. ஜீசோக் கிண்ணத்தில் தாள் மறைத்த இடத்தை மேல்மெருகு தீண்டாது. பொருள் வேறாயினும் கருத்து ஒன்றே.

இக்கிண்ணங்களின் அழகுக்குக் காரணம் யாது? முதற்காரணம், குயவர் தளையின் சிக்கலை மறுதலையாகத் திருப்பிவிட்டதே. ஓட்டையின் வழியே வண்ணம் ஒற்றும்போது உள்ளே அடைபட்ட இடம் விழுந்துவிடும் என்னும் அச்சம் உண்டு. மறைத்தலில் அவ்வச்சம் இல்லை. வெட்டி எடுத்த பறவையே தாளாக நிற்கின்றது. ஆனால், புதிய கட்டுப்பாடு ஒன்று பிறக்கின்றது. பறவை ஒரே துண்டாக இருத்தல் வேண்டும். கழுத்து, சிறகு, நீண்ட வால் ஆகிய யாவும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். ஆகவே ஜீசோக் கிண்ணங்களில் காணும் பீனிக்ஸ் பறவைகள் நிழலுருக்களாகவே அமைந்தன. இறகின் மென்மையைத் தூரிகை காட்டுவது போல அவை காட்டமாட்டா. அதற்கு மாறாக, பறத்தல் என்னும் செயலையே காட்டுகின்றன. சிறகு எங்கே விரிகின்றது, வால் எவ்வாறு சுழல்கின்றது என்னும் இரண்டே செய்திகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தி நீக்கிவிட்டது. சொல்லவேண்டியதை மட்டும் சொல்லி நிறுத்தும் குறட்பாவின் சுருக்கம் அதில் இருக்கின்றது.

இரண்டாவது காரணம், கத்தி வெட்டிய கூர்மையான விளிம்பை நெருப்பு இறுதியில் மென்மையாக்கியது. மெருகு உருகும்போது கருமையும் வெண்மையும் எல்லையில் சற்றே கலக்கின்றன. தாளின் கடுமையும் தீயின் குழைவும் சந்திக்கும் அவ்விளிம்பிலேதான் கிண்ணத்தின் உயிர் இருக்கின்றது. ஒரே தாளமைப்பைப் பத்துக் கிண்ணங்களுக்குப் பயன்படுத்தினாலும் பத்திலும் விளிம்பு பத்துவகையாகவே அமையும். அச்சால் செய்தது எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்னும் குற்றச்சாட்டு இங்கே நில்லாது போகின்றது.

மூன்றாவது காரணம் பயனோடு பொருந்தியது. சில கிண்ணங்களில் சாய்சதுரச் சட்டங்களுக்குள் நீண்ட ஆயுளும் செல்வமும் நிறைக என்பன போன்ற வாழ்த்துச் சொற்களை அமைத்தனர். தேநீர் நிறைந்திருக்கும்போது அவ்வாழ்த்து நுரைக்கடியில் மறைந்திருக்கும். பருகப் பருக அது வெளிப்படும். ஓவியத்தைக் கிண்ணத்தின் வெளியே காட்டாமல் உள்ளே வைத்தவன், அதனைக் காண்பவனை மட்டுமன்றிப் பருகுபவனையும் நினைத்திருக்கின்றான்.

இதே சூளைகளில் மற்றொரு வகைக் கிண்ணமும் உண்டு. உண்மையான மரவிலை ஒன்றைக் கருமெருகின்மேல் வைத்துச் சுட்டனர். இலை எரிந்துபோக, அதன் நரம்புகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் கிண்ணத்தில் நிலைத்தன. ஒசாகா நகரின் கீழைநாட்டு மட்கலக் காட்சியகத்தில் இவ்வகையின் புகழ்பெற்ற கிண்ணம் ஒன்று இருக்கின்றது. காண்போர் பலரும் தாளோவியக் கிண்ணத்தைவிட இதனையே வியப்பர். வியப்பு இயல்பே. எனினும் திறனாய்வாளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. இலையின் வடிவத்தை அமைத்தது மரம். குயவன் செய்தது தேர்வு. தாளின் வடிவத்தை அமைத்தது மனிதன். எதனை வெட்டுவது, எதனை விடுவது என்னும் துன்பத்தை அவன் அடைந்திருக்கின்றான். இலைக்கிண்ணம் இயற்கையின் அருள். தாட்கிண்ணம் கலைஞனின் முடிவு.

வழிகாட்டும் துளைத்தாள்: டெல்ஃப்ட் ஓடுகள்

17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து நாட்டினர் டெல்ஃப்ட் முதலிய நகரங்களில் நீலமும் வெண்மையும் கலந்த சுவரோடுகளை ஏராளமாகச் செய்தனர். சிறுவர் விளையாட்டு, கப்பல், மலர்ச்சாடி, மீனவர் போன்ற காட்சிகள் அவற்றில் இடம்பெற்றன. இவை கையோவியங்கள் என்றே யாவரும் போற்றுவர். ஆயினும் அவற்றின் அடியிலும் ஒரு தாள் இருந்தது. ஊசியால் கோட்டு வழியே துளைகள் குத்திய தாளை ஓட்டின் வெண்மெருகின்மேல் வைத்துக் கரித்தூள் நிறைந்த சிறு பையால் தட்டுவர். புள்ளிகள் விழும். அப்புள்ளிகளை இணைத்துத் தூரிகையால் கோடு இழுப்பர். சூளையில் கரி எரிந்து மறைய, கோடு மட்டுமே எஞ்சும்.

தொடக்க வகுப்பில் ஆசிரியர் புள்ளியிட்டுக் கொடுத்த எழுத்தின்மேல் பிள்ளைகள் எழுதிப் பழகுவதை இது நினைவூட்டும். புள்ளி ஒன்றே, ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தும் வேறு. அவ்வாறே, ஒரே துளைத்தாளிலிருந்து பிறந்த இரண்டு டெல்ஃப்ட் ஓடுகளை அருகருகே வைத்தால் ஒன்றில் சிறுவன் விரைந்து ஓடுவான். மற்றொன்றில் சற்றே தயங்கி நிற்பான். கோடு இழுத்த கையின் வேகமே அவ்வேறுபாட்டைச் செய்கின்றது.

கையால் வரைந்தது, அச்சால் பதித்தது என்னும் இருபெரும் பிரிவு எத்துணை வலுவற்றது என்பதை இவ்வோடுகள் தெளிவாகக் காட்டுகின்றன. போற்றப்படும் கையோவியத்தின் அடியிலும் துளைத்தாள் இருக்கலாம். இகழப்படும் வெட்டுத்தாள் வேலையிலும் கையின் முடிவு நிறைந்திருக்கலாம். ஆதலின், தாள் பயன்பட்டதா இல்லையா என்று கேட்பது திறனாய்வுக்குப் பயன் தராத கேள்வி. தாள் எப்பணியைச் செய்தது, கை எப்பணியைச் செய்தது என்று கேட்பதே தக்கது.

உயர்வும் தாழ்வும்: ஜப்பானிய வேலைகள்

வெட்டுத்தாளை ஜப்பானியர்போல் நுணுகி ஆண்டவர் அரியர். மியே மாநிலத்தின் சுசுகா நகரப் பகுதியில் செய்யப்படும் இசே வெட்டுத்தாள்கள் உலகறிந்தவை. முசுக்கட்டை இனத்து மரப்பட்டையால் செய்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசுங்காய்த் துவர்ப்புள்ள பெர்சிமன் பழச்சாறு கொண்டு ஒட்டி, உலர்த்தி, புகையூட்டி உறுதிப்படுத்துவர். நீர் பட்டாலும் அத்தாள் குழையாது. அதில் மயிரிழை போன்ற கோடுகளையும் கடுகினும் சிறிய துளைகளையும் வெட்டுவர். தளை வைத்தால் கோடு அறும் என்று கண்ட இடத்தில், இரண்டு தாள்களுக்கு இடையே பட்டு நூல்களைக் கோத்து ஒட்டி, அந்நூல்களையே கண்ணுக்குப் புலனாகாத தளைகளாக ஆக்கினர். 1955-ஆம் ஆண்டில் இத்தொழில் வல்லார் அறுவரை ஜப்பானிய அரசு நாட்டின் உயிருள்ள செல்வங்களாக மதித்துச் சிறப்பித்தது.

இத்தாள்கள் துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆயினும் அக்கருத்து மட்கலத்துக்கும் சென்றது. அரித்தாப் பகுதிப் பீங்கான் செய்வோர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே முயல் வடிவில் தாளை வெட்டித் தட்டில் வைத்து, அதன்மேல் நீலச்சாயத்தைத் துளித்துளியாக ஊதினர். தாளை எடுத்ததும் நீலத் தூறலின் நடுவே வெள்ளை முயல் நின்றது. கண்ணும் காதும் தூரிகையால் தீட்டப்பட்டன. நிலவொளியில் நிற்பது போன்ற அம்முயலின் அமைதியைக் கோட்டால் வரைந்து பெறுதல் அரிது. தாள் செய்ய வல்லதைத் தாளும், தூரிகை செய்ய வல்லதைத் தூரிகையும் செய்தமையே அதன் வெற்றி.

இதற்கு நேர்மாறான நிலையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணலாம். 1870-ஆம் ஆண்டில் காட்பிரீட் வாகனர் என்னும் ஜெர்மானியர் அரித்தாவுக்கு வந்து, ஐரோப்பியரின் கோபால்ட் நீலத்தைக் கையாளும் முறையைக் கற்பித்தார். பழைய இயற்கை நீலத்தைவிட அது மலிவானது, நிறமோ அழுத்தமானது. மலிவான நீலமும் வெட்டுத்தாளும் சேர்ந்தபோது, அன்றாட உணவுக்கான தட்டுகளும் கிண்ணங்களும் பேரளவில் பெருகின. ஏழைகளின் வீட்டிலும் நீலப்பூ இட்ட பீங்கான் புழங்கத் தொடங்கியது. இது பெரும் நன்மை. கலையைப் பற்றிப் பேசுவோர் இந்நன்மையை மறந்து பேசுதல் அறமன்று.

எனினும், அத்தட்டுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஒருவகைத் தட்டில் சிறு புள்ளிகளும் குறுங்கோடுகளுமே கொடியாகவும் மலராகவும் அமைந்திருக்கும். அங்கே தளையால் உண்டாகும் வெண்ணிற இடைவெளி அறுபட்ட காயமாகத் தோன்றாது. நெசவின் இழைபோல மலர்முழுதும் பரவி ஒளிதரும். தாளின் இயல்பை அறிந்து வடிவம் செய்தவனின் வேலை அது. மற்றொருவகைத் தட்டில், தூரிகையால் வரைந்த மலைக்காட்சியை அப்படியே தாளில் வெட்டியிருப்பர். நீண்டு வளையவேண்டிய கோடு நான்கு இடங்களில் அறுந்து நிற்கும்; கிண்ணத்தின் வளைவில் தாள் முடியும் இடமும் தொடங்கும் இடமும் பொருந்தாமல் மலர் பாதியோடு நின்றுவிடும்; வண்ணம் ஒற்றியவரின் அவசரம் கறையாகப் படிந்திருக்கும். இக்காலத்துப் பழம்பொருள் சேர்ப்போர் இப்பொருத்தமின்மையையும் ஓர் அழகு என்று கொண்டாடுவதுண்டு. பழமையின்மேல் கொண்ட அன்பு அது, திறனாய்வன்று. தாள் தாளாக நடவாமல் தூரிகைபோல் நடித்ததே அத்தட்டுகளின் குறை. 1880-களின் பிற்பகுதியிலிருந்து செப்புத்தகட்டு அச்சு பரவத் தொடங்கி வெட்டுத்தாளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது வியப்பன்று. நுண்கோட்டைப் போலச் செய்வதே குறிக்கோள் என்றால், அதற்குச் செப்புத்தகடே ஏற்ற கருவி.

தொழிற்பிரிவினையே இத்தாழ்வுக்குக் காரணம் என்பாரும் உளர். வடிவம் செய்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், ஒற்றுபவர் ஒருவர் என்று பிரிந்தால் கலை அழியும் என்பது அவர் கருத்து. இது பாதியுண்மையே. இசேயிலும் தாள் வெட்டுபவர் வேறு, துணிக்குச் சாயம் ஏற்றுபவர் வேறு. ஆயினும் அவ்வேலை தாழவில்லை. ஒருவர் மற்றவரின் கருவியை அறிந்திருந்தனர். மறுபுறம், செரிசாவா கெய்சுகே என்னும் கலைஞர், 1895 முதல் 1984 வரை வாழ்ந்தவர், வரைதலும் வெட்டலும் சாயம் ஏற்றலுமாகிய யாவற்றையும் தாமே செய்யும் முறையை வளர்த்தார். 1956-ஆம் ஆண்டில் நாட்டின் உயிருள்ள செல்வமாக மதிக்கப்பெற்றார். அவர் வேலை துணியில் அமைந்ததேயாயினும் வெட்டுத்தாளால் உயர்கலை பிறக்கும் என்பதற்கு அது சான்று. ஆக, பிரிந்து செய்வதும் குற்றமன்று. சேர்ந்து செய்வதே குணமும் அன்று. கருவியின் இயல்பு ஒருவருக்கும் தெரியாமற் போவதே குற்றம்.

கோல அச்சு தரும் பாடம்

தமிழர் வீட்டு வாசலிலும் இவ்வழக்கு நாள்தோறும் நடைபெறுகின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடைகளில் கோல அச்சுகள் விற்கப்படுகின்றன. துளையிட்ட தட்டில் மாவைப் பரப்பித் தேய்த்தால் தரையில் கோலம் விழுகின்றது. அது கோலமாகுமா என்று பெரியோர் முகம் சுளிப்பதுண்டு.

மேற்கூறிய ஆராய்ச்சியைக் கொண்டு இதற்கும் விடை காணலாம். புள்ளிகளைச் சுற்றி அறாமல் ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிவது சிக்குக் கோலத்தின் இலக்கணம். அறாத கோட்டை வெட்டுத்தாளில் வெட்ட இயலாது. வெட்டினால் சூழப்பட்ட இடங்கள் யாவும் உதிர்ந்துபோம். ஆகவே அச்சில் சிக்குக் கோலம் துளைத்துளையாகவே அமைகின்றது. கோலத்தின் உயிராகிய ஓட்டம் அங்கே அறுந்துவிடுகின்றது. பெரியோர் சுளிப்பது நேர்மையே. ஆனால், தனித்தனி இதழ்களால் ஆகிய தாமரைக் கோலத்துக்கு அச்சு பகையன்று. இதழுக்கும் இதழுக்கும் இடையே உள்ள வெளியே அங்குத் தளையாகிவிடுகின்றது. கருவி ஒன்றே, ஒரு வடிவத்தில் அது பிழை, மற்றொன்றில் அது பொருத்தம். அச்சு நல்லதா தீயதா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

மூன்று கேள்விகள்

வெட்டுத்தாளால் அணிசெய்த கலம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது திறனாய்வாளரும் ஆசிரியரும் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று.

தளை எங்கே இருக்கின்றது, அது வடிவத்தின் உறுப்பாகிவிட்டதா என்பது முதற்கேள்வி. அறுபட்ட இடத்தைக் கண் தடையாக உணர்ந்தால் வடிவம் தோற்றது. அழகாக உணர்ந்தால் வென்றது. தாள் கலத்தின் வளைவை அறிந்து அமைந்ததா என்பது இரண்டாம் கேள்வி. தட்டையான படத்தை உருண்டையான கலத்தில் ஒட்டியது போலத் தோன்றினால் அது கலத்துக்கு உரிய ஓவியமன்று. தாளை எடுத்தபின் மண்ணுக்கும் மெருகுக்கும் நெருப்புக்கும் ஏதேனும் வேலை எஞ்சியிருந்ததா என்பது மூன்றாம் கேள்வி. எல்லாவற்றையும் தாளே முடித்துவிட்டால் அக்கலம் தட்டச்சிட்ட கடிதம் போன்றது; செய்தி இருக்கும், கையெழுத்து இராது.

இன்று கடையில் ஆயத்த வெட்டுத்தாள்கள் மலிந்து கிடக்கின்றன. கணினியின் உதவியால் நொடியில் வெட்டித்தரும் பொறிகளும் வந்துள்ளன. பொறி வெட்டினால் என்ன, கத்தி வெட்டினால் என்ன? தளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர் கலத்தை அறிந்தவரா என்பதே கேள்வி. முன்பின் அறியாத ஒருவர் எந்தக் கலத்துக்கு என்று நினையாமல் செய்த தாளை வாங்கி எல்லாக் கலத்திலும் ஒற்றுவது, பிறர் பாட்டின் எதுகையைத் தன் பாட்டில் ஒட்டுவது போன்றது. ஓசை கேட்கும், பாட்டு இராது.

ஆகவே, மாணவன் ஒருவன் வெட்டுத்தாள் வைத்து அணிசெய்த மட்கலத்தைக் கொண்டுவந்து காட்டினால் அதனை ஏமாற்று என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. அவன் தன் தாளைத் தானே வெட்டினானா என்று ஆசிரியர் கேட்கட்டும். வெட்டும்போது எது விழுந்தது, விழுந்ததை எவ்வாறு காத்தான் என்று கேட்கட்டும். அதற்கு அவனால் விடை கூற முடிந்தால், ஜீசோச் சூளையின் குயவர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கற்ற பாடத்தையே அவனும் கற்றிருக்கின்றான். கலையில் கட்டுப்பாடு என்பது சிறையன்று. உருவம் சிதறாமல் நிற்பதற்கு வேண்டிய பிணைப்பு. யாப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஏட்டில் கண்ட அவ்வுண்மையை மண்ணிலும் கண்டுகொள்ளுதல் ஒன்றே வேண்டுவது.